சான்பாடாவில் நிற்காமல் போனவன்

வெயிலுமுத்துவுக்கு நிற்கத் தெரியாது. தாராவியில் அவனை அறிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அவன் குணத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம், தொழிலைச் சொல்கிறார்கள்.

ஜெயினுலாப்தீன் பாயின் பட்டறையில் ஸ்கூல் பைகளுக்கான துணியை வெட்டுவார்கள். வெட்டின துண்டுகளை மூட்டை கட்டி, சைக்கிள் கேரியரில் ஏற்றி, செம்பூர் வழியாக சீத்தா கேம்ப் கொண்டுபோய் மெஹராஜ் அக்காவிடம் சேர்க்க வேண்டும். அவள் அதை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்துத் தைத்து வாங்குவாள். டெம்போ வைக்கலாமே என்று கேட்பவர்கள் பாயின் பட்டறைச் சந்துக்குள் வந்ததில்லை. அங்கே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சைக்கிள்தான் சரி. பத்தொன்பது வருஷமாக அந்தச் சைக்கிள் வெயிலுமுத்துதான். இப்போது அவனுக்கு நாற்பத்தொரு வயது.

மூட்டை அறுபது கிலோவுக்குக் குறையாது. அந்தக் கனத்தோடு போகிற வண்டியை நிறுத்துவது சுலபம், மறுபடி கிளப்புவதுதான் பெரும்பாடு. தள்ளிக்கொண்டே ஓடி, வண்டி ஒரு பக்கம் சாய்வதற்குள் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். பின்னால் யாராவது பிடித்துத் தள்ளிவிட்டால் தேவலை, ஆனால் பம்பாய் ரோட்டில் யார் தள்ளுவார்கள்? அதனால் வெயிலுமுத்து நிற்பதே இல்லை. தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்தாலே மிதியைக் குறைத்து, ஊர்ந்து, பச்சை விழும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருவான். பாதி வழியில் டீ குடித்ததில்லை. ஒருமுறை ஊரிலிருந்து வந்த மச்சான் ரோட்டோரம் நின்று கையைக் காட்டியபோதுகூட, "சாயந்தரம் பாப்பம் மச்சான்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். மச்சான் அன்று மாலை ரயில் ஏறிவிட்டார். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு சைக்கிள் பந்தயத்தில் மாட்டிக்கொண்டதற்கு விசாலாக்ஷி மாமிதான் காரணம்.

மாமி மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் வாழ்க்கைப்பட்டவர். பாங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் ஜூலை மாதம் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் நடக்கும்போது டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். பார்த்துப் பார்த்து அலுக்காமல், செம்பூரில் காலையில் சைக்கிள் ஓட்டுகிற பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து, அதே நாட்களில் இங்கேயும் ஒரு பந்தயம் என்று ஆரம்பித்துவிட்டார். ஜூன் மாதத்தில் ஒருநாள் அந்தக் கூட்டம் ஒரு மேம்பாலத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது, அரை டிராயரும் ரப்பர் செருப்புமாக, பின்னால் மூட்டையோடு ஒருவன் எல்லாரையும் தாண்டிப் போனான். "நில்லுங்கோ, ஒரு நிமிஷம் நில்லுங்கோ" என்று மாமி கத்தினார். "லோடு, மாமி" என்று பதில் வந்தது. ஆள் போய்விட்டான்.

மூன்று நாள் விசாரித்து மாமி பட்டறைக்கே வந்துவிட்டார்.

"பிரான்ஸ்ல இருபத்தொரு நாள் ஓட்டுவா. நாங்களும் அதே மாதிரி, காத்தால ஆபீஸ் போறதுக்கு முன்னாடி, எங்க சக்திக்கு ஏத்த தூரம் ஓட்டறோம். நீங்க வரணும். சைக்கிள் நான் தரேன், என் பிள்ளையோடது சும்மாதான் கிடக்கு."

"இருவத்தொரு நாளும் ஒரே ரேஸா மாமி?"

"ஒரே ரேஸ்தான். ஆனா தினமும் ஒரு ரேஸ்."

வெயிலுமுத்து பாயைப் பார்த்தான். பாய் கூரையைப் பார்த்தார்.

"நடுவுல ரெண்டு நாள் ரெஸ்ட் உண்டு" என்றார் மாமி.

"ரேஸுக்கு நடுவுல லீவா?"

"ஆமாம். எல்லார் நேரத்தையும் கூட்டிண்டே வருவோம். கடைசியில யாருக்குக் கம்மியா இருக்கோ அவா ஜெயிச்சா. முன்னால இருக்கறவா மஞ்சள் சட்டை போட்டுக்கணும்."

"அப்ப தெனம் மொதல்ல வாரவன்?"

"அன்னிக்கு ஜெயிச்சான், அவ்வளவுதான்."

மாமி போன பிறகு பாய் வாயைத் திறந்தார். "முத்து, காலையில சும்மா மிதிச்சிட்டு வந்து, பத்து மணிக்கு மேல லோடு மிதிப்பியாக்கும்? ஒனக்கென்ன கோட்டி புடிச்சிருக்கா?" ஆனால் போகாதே என்று அவர் சொல்லவில்லை. பட்டறையைத் தேடி ஒரு பாங்க் அதிகாரி வந்து நின்றது அவருக்கும் உள்ளூர ஒரு பெருமைதான்.

வீட்டில் மனைவி பிரேமலதா வேறு கேள்வி கேட்டாள். "ஜெயிச்சா என்ன குடுப்பாவ?"

"மஞ்ச சட்டை."

"சட்டையா? வேற ஒண்ணும் கெடையாதா?"

"கெடையாது."

அவள் சிரித்தாள். இந்த வீட்டில் சட்டைக்கா பஞ்சம் என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

பந்தயம் தொடங்கியது. மழைக்காலம். விடியற்காலை ஐந்தரைக்கு செம்பூரில் கூடுவார்கள். ஒருநாள் டிராம்பே வரை, ஒருநாள் பாண்டுப் வரை, ஒருநாள் கழிமுகத்தின் மேல் போகிற பெரிய பாலம் தாண்டி சான்பாடா வரை. பிரான்ஸில் மலை ஏறுகிற நாளில் இங்கே ஒரே மேம்பாலத்தைப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். மாமி கொடுத்த சைக்கிளில் கனமே இல்லை. ஒரு கையால் தூக்கலாம். மிதித்தால் காலுக்கடியில் எதையோ காணோம் என்பது போல அது ஓடியது. வெயிலுமுத்து முதல் இரண்டு நாள் பயந்துகொண்டே ஓட்டினான். அப்புறம் பயம் விட்டது. மேம்பாலத்தில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது.

ஐந்தாம் நாள் மாமியின் கணக்கில் அவன் முன்னணிக்கு வந்தான். மாமி கையில் இருந்தது ஒரே ஒரு மஞ்சள் சட்டை. ஆகவே முன்னணி மாறினால், போட்டிருப்பவர் நின்ற இடத்திலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அன்று அதைக் கழற்றிக் கொடுத்தவர் நம்பிராஜன், செம்பூர்ப் பக்கத்து ஆலையில் இன்ஜினியர். திருநெல்வேலிக் குடும்பம், ஆனால் செம்பூரிலேயே வளர்ந்தவர், தமிழ் பேசுவாரே தவிர எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. "நேத்து ராத்திரிதான் வாஷ் பண்ணேன்" என்று சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு ஒழுங்கான மனிதர், சட்டை கையில் வரும்போது சோப்பு மணத்தது.

 வெயிலுமுத்து அன்று பகல் முழுவதும் அந்தச் சட்டையோடுதான் லோடு அடித்தான். தாராவியிலிருந்து சீத்தா கேம்ப் வரை ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சிக்னலில் டிராஃபிக் போலீஸ்காரர், இத்தனை வருஷமும் அவனை ஒரு கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தவர், "க்யா பாத் ஹை" என்று மெச்சிக் கையை ஆட்டி வழிவிட்டார். மெஹராஜ் அக்கா மூட்டையை இறக்கும்போது, "யாரு வீட்டு மாப்பிள்ளடே இது" என்றாள்.  பத்தொன்பது வருஷத்தில் அந்த ரோட்டில் மூட்டையைப் பார்த்தவர்கள் உண்டு, மூட்டைக்கு முன்னால் இருப்பவனைப் பார்த்தவர்கள் அன்றுதான். அந்தச் சட்டை தனக்கே தனக்கு வேண்டும் என்று அவனுக்கு அன்று ஆசை வந்துவிட்டது. சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி வெட்கம்கெட்ட ஆசை.

ஆறாம் நாள் சட்டை போய்விட்டது. பாண்டுப் பக்கம் நேர்ரோடு, எதிர்க்காற்று. மற்றவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒண்டிக்கொண்டு காற்றை மறைத்து ஓட்டினார்கள். அடுத்தவன் முதுகில் ஒளிவதா என்று இவன் தனியாக மிதித்தான். இரண்டு நிமிஷம் பின்தங்கினான். முடிவில் ரோட்டிலேயே சட்டையைக் கழற்றி நம்பிராஜனிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு மழையில் தாராவி வந்து சேர்ந்தான். பிரேமலதா துண்டை எடுத்துக் கொடுத்தாள்.  மறுநாள் அவன் வேலை முடிந்து வந்தபோது, சாமி படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு வெறும் ஹேங்கரைத் தொங்கவிட்டிருந்தாள்.

"எதுக்குட்டி?"

"சட்டைக்கு."

அதற்கப்புறம் ஒண்டி ஓட்டக் கற்றுக்கொண்டான். ஒருநாள் நாலு வினாடி, ஒருநாள் ஏழு வினாடி, ஒருநாள் பதினொரு வினாடி என்று கொஞ்சம் கொஞ்சமாக நம்பிராஜனை நெருங்கினான். ஆனால் இது என்ன மாதிரிப் பந்தயம் என்பதுதான் பிடிபடவில்லை.

பன்னிரண்டாம் நாள் நடந்ததை என்னவென்று சொல்வது? ஒரு பள்ளத்தில் விழுந்து இவனுடைய செயின் கழன்றுவிட்டது. தொலைந்தோம் என்று குனிந்து கையை விட்டான். நிமிர்ந்து பார்த்தால் மொத்தக் கூட்டமும் நிற்கிறது. முன்னால் மஞ்சள் சட்டையோடு நம்பிராஜன் ஒரு கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தி வைத்திருக்கிறார்.

"நீங்க போங்க சார்."

"அரே, மெதுவா மாட்டுங்க. டென்ஷன் நஹி."

நாலு நிமிஷம் நின்றார்கள். செயினை மாட்டி, மறுபடி ஓட்டி, அன்று வெயிலுமுத்துதான் முதலில் வந்தான். வந்ததும் நம்பிராஜனிடமே போய்க் கேட்டான். "சார், எதுக்கு நின்னீய?"

"விழுந்தவனைத் தாண்டிப் போய் ஜெயிக்கக் கூடாது. அங்கயும் அப்படித்தான்."

"அது ரூலா?"

"ரூல் இல்ல. ஆனா அப்படித்தான்."

அன்று லோடு மிதிக்கும்போது வழியெல்லாம் வெயிலுமுத்து மண்டையை உடைத்துக்கொண்டான். நம்மை ஏப்பை சாப்பையாக நினைத்து இரக்கப்படுகிறாரா? அல்லது என்னதான் செய்தாலும் நீ என்னைத் தாண்ட மாட்டாய் என்ற எகத்தாளமா? இரண்டும் இல்லை, நல்ல மனிதர் என்றும் ஒரு பக்கம் தோன்றியது. நல்ல மனிதர் என்றால் அவரிடமிருந்து சட்டையைப் பிடுங்குவது சரியா? எது என்று புரியாமலேயே சீத்தா கேம்ப் வந்துவிட்டது.

இருபதாம் நாள் முடிவில், இடைவெளி முப்பத்தெட்டு வினாடி. நம்பிராஜன் முன்னால், இவன் பின்னால். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, சான்பாடா போய்த் திரும்ப வேண்டும். முப்பத்தெட்டு வினாடிதானே என்று பிரேமலதா சந்து முழுவதும் சொல்லிவிட்டாள். ரவை, சர்க்கரை, நெய் எல்லாம் வாங்கியாகிவிட்டது.

இங்கேதான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரான்ஸில் கடைசி நாள் மஞ்சள் சட்டைக்காரரோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லையாம். பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு ஊருக்குள் வருவார்களாம். எங்கும் எழுதி வைக்கவில்லை, வழக்கம். டிவி பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். செம்பூர்க் கூட்டம் முழுவதும் டிவி பார்க்கிறவர்கள். அதனால் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வெயிலுமுத்து டிவியில் அந்தப் பந்தயத்தை ஒருநாளும் பார்த்ததில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மாமி உட்பட.

ஞாயிறு காலை கொட்டுகிற மழை. கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் அக்கறையே இல்லை. ஒருவர் தலையில் ஜிகினாத் தொப்பி. ஒருவர் சைக்கிளில் பலூன். நம்பிராஜன் மஞ்சள் சட்டையில் எல்லாரோடும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். களைத்துப் போய்விட்டார்கள் என்று வெயிலுமுத்து நினைத்தான். பாலத்தில் மாட்டு வண்டி வேகத்தில் போனார்கள். இவன் கற்றுக்கொண்டபடி கடைசி ஆளின் முதுகில் ஒண்டிக்கொண்டு, எப்போது பாய்வார்கள், எப்போது பாய்வார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தான்.

சான்பாடாவில் நுழைந்ததும் மொத்தக் கூட்டமும் இடப்பக்கம் ஒதுங்கியது. அங்கே ஒரு டீக்கடை. மழை தாங்காமல் நிற்கிறார்கள் என்று நினைத்தான். அவனுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பஸ் வந்தது. நிற்கலாமா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பத்தொன்பது வருஷத்துக் கால்கள் அவை. பஸ்ஸின் அந்தப் பக்கமாகவே போய், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, குனிந்த தலை நிமிராமல் செம்பூரைப் பார்த்து மிதித்தான்.

பாலத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. பாலிதீன் பையில் சுற்றி டிராயர் பையில் வைத்திருந்த ஃபோன் விட்டு விட்டுத் துடித்தது. அவன் எடுக்கவில்லை.

செம்பூரில் பந்தயம் முடிகிற இடத்தில், பூங்கா வாசலில், ஒரு நாய்கூட இல்லை. ஃபோனை எடுத்து, நேரம் பார்க்கிற ஆப்பை நிறுத்தினான். தவறிய அழைப்பு பதினொன்று. எல்லாம் நம்பிராஜனும் மற்றவர்களும். முன்னால் போய்விட்டதைக் கண்டுபிடித்துவிட்டார்கள், நிற்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வெயிலுமுத்து முடிவு கட்டினான். பந்தயத்தில் எதிராளி ஃபோன் பண்ணினால் எவனாவது எடுப்பானா? பிரேமலதாவைக் கூப்பிட்டான்.

"ஏட்டி, ஒருத்தனையும் காணும். நான் மட்டுந்தான் வந்துருக்கேன்."

"அப்ப கேசரிய எறக்கிறவா?"

"எறக்கு."

அரைமணி நேரம் கழித்து ஆட்டோவில் மாமி வந்து இறங்கினார். ஒரு கையில் மாலை, ஒரு கையில் ஃபோன். அவனைப் பார்த்ததும் மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வெயிலுமுத்து, நீங்க எப்படி இங்க?"

"ஓட்டிக்கிட்டுத்தான் மாமி வந்தேன்."

மாமி உடனே ஃபோனில் பேசினார். "நம்பி, அவர் இங்க இருக்கார். ஆமாம், முழுசா இருக்கார். எல்லாரும் வாங்கோ." பேசிவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே விஷயத்தைச் சொன்னார். டீக்கடையில் தலையை எண்ணியபோது ஓர் ஆள் குறைந்திருக்கிறது. கடைசியாக அவனைப் பார்த்தது பாலத்தில். மழையில் வழுக்கி விழுந்துவிட்டானா, வண்டி ஏதும் தட்டிவிட்டதா, கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கழிமுகத்துக்குள் போய்விட்டானா? கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை. நம்பிராஜன் டீயை அப்படியே வைத்துவிட்டுப் பாலத்துக்குத் திரும்பப் போயிருக்கிறார். வந்த பக்கத்திலேயே, எதிர்த்திசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் எட்டி எட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

வெயிலுமுத்து மாமி பக்கத்தில் குந்தினான். "ரேஸு நடக்கும்போது எதுக்கு மாமி டீ?"

மாமி வழக்கத்தைச் சொன்னார்.

"அப்ப இன்னைக்கு ரேஸ் உண்டுமா, கெடையாதா?"

"ரேஸ் உண்டு. ஆனா யாரும் போட்டி போடமாட்டா."

"பெறவு என்னத்துக்கு இருவத்தொரு நாளுன்னு போட்டீய? இருவதுன்னு போட வேண்டியதுதானே?"

மாமி கைப்பையைத் திறந்து விதிகள் எழுதின நோட்டைத் தேடினார். 

கூட்டம் வந்து சேர்ந்தது. ஜிகினாத் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றியிருந்தார். அவனைப் பார்த்ததும் சிலர் அப்பாடா என்றார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈரத்தை உதறினார்கள். கடைசியாக நம்பிராஜன் வந்தார். மஞ்சள் சட்டையில் வலது முழங்கைப் பக்கம் சேறு அப்பியிருந்தது, சேற்றுக்கடியில் கொஞ்சம் ரத்தம். பாலத்தில் தேடும்போது வழுக்கி விழுந்திருக்கிறார்.

"நல்லா இருக்கீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார்.

மாமி நோட்டைப் பிரித்தார். தானே எழுதின விதிகளை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "கடைசி நாள் கணக்கில்லைன்னு நான் எழுதலை. எழுதாதது என் தப்பு, அவர் தப்பு இல்லை. கணக்குப்படி வெயிலுமுத்து ஒரு மணி நேரத்துக்கு மேல முன்னால இருக்கார். ஜெயிச்சது அவர்தான்."

கைதட்டினார்கள். மழையில் அது சரியாகக் கேட்கவில்லை. நம்பிராஜன் சட்டையைக் கழற்றினார். கழற்றும்போது முழங்கை வலித்தது போல, பல்லைக் கடித்தார். பனியனோடு நின்றுகொண்டு சட்டையை நீட்டினார்.

வேண்டாம் சார் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சமயத்தில் சொல்ல வேண்டிய சொல் அதுதான் என்று வெயிலுமுத்துவுக்கும் தெரிந்தது. ஆனால் ஆசையாக இருந்தது. ஐந்தாம் நாள் பிடித்த ஆசை. வாங்கிக்கொண்டான்.

சந்தில் கேசரி தீர்ந்திருந்தது. ஜெயினுலாப்தீன் பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவனைக் கண்டதும் எழுந்து கட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். வெயிலுமுத்து எல்லாருக்கும் சிரித்தான். சாப்பிடும்போது பிரேமலதாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான், ஃபோனை எடுக்காததையும் சேர்த்து.

அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க ஏமாத்துனீயளா?"

"இல்ல."

"அப்ப ஜெயிச்சது நீங்கதான்."

"ஆனா அவரு என்னைத் தேடிப் போனதுலதான தோத்தாரு."

"அதுவும் சரிதான்" என்றாள் பிரேமலதா. 

சட்டையை இரண்டு முறை சோப்புப் போட்டுத் துவைத்தாள். ரத்தம் போய்விட்டது, முழங்கையில் சேற்றுக் கறை போகவில்லை. ஹேங்கரில் மாட்டினாள். அதைப் பார்க்கப் பார்க்க வெயிலுமுத்துவுக்குச் சந்தோஷம் வரும், உடனே அந்தக் கறையும் கண்ணில் படும். சந்தோஷம் முழுசாக வந்தாலும் பரவாயில்லை, துக்கம் முழுசாக வந்தாலும் பரவாயில்லை. இரண்டும் அரைகுறையாக வந்து உயிரை வாங்கின.

செவ்வாய்க்கிழமை காலை சட்டையை மடித்து, பாலிதீன் கவரில் போட்டு, மூட்டைக் கயிற்றில் செருகிக்கொண்டு கிளம்பினான். கொடுக்கப் போகிறானா, காட்டப் போகிறானா என்று அவனுக்கே தெளிவில்லை. செம்பூர் மேம்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஆலைக்குப் போகிற ரோட்டில், நம்பிராஜனே எதிர்ப்பட்டார். சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தார், முழங்கையில் பிளாஸ்திரி. இவனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். வா என்று கூப்பிட்டதாகவும் எடுத்துக்கொள்ளலாம், போ என்று வழியனுப்பியதாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

வெயிலுமுத்து பிரேக்கைப் பிடித்தான்.

அறுபத்திரண்டு கிலோ மூட்டையோடு சைக்கிள் முனகிக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் சாய்ந்ததை இடுப்பால் முட்டுக் கொடுத்து, கடைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"நின்னுட்டீங்க" என்றார் நம்பிராஜன். அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"நின்னுட்டேன் சார்."

இரண்டு கட்டிங் வந்தது. அரை கிளாஸ் டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள். பிறகு வெயிலுமுத்து கேட்டான். "சார், எம்மேல கோவமா?"

நம்பிராஜன் இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தான். அவர் சொல்லவில்லை. "இருக்கு. ரெண்டு நாளா இருக்கு. உங்க மேலயா, சொல்லாம விட்ட எங்க மேலயான்னு தெரியல. சட்டை போனதுக்கா, நீங்க ஃபோன் எடுக்காததுக்கா, அதுவும் தெரியல. பாலத்துல நான் எவ்ளோ பயந்தேன் தெரியுமா? தண்ணிக்குள்ள ஒரு செருப்பு மிதந்துது. உங்க செருப்புன்னு நெனச்சேன்."

வெயிலுமுத்து கயிற்றில் செருகியிருந்த கவரை உருவி நீட்டினான். "இத நீங்களே வச்சுக்கிடுங்க."

"வேணாம். இதை நான் வாங்கிட்டா உங்ககிட்ட பிடுங்கின மாதிரி ஆயிடும். மாமி கணக்கு கரெக்ட்."

"என்ட்ட இருந்தா நான் பிடுங்குன மாதிரி இருக்கே சார்."

"அதுவும் கரெக்ட்தான்."

"அப்ப யாருதான் ஜெயிச்சா?"

நம்பிராஜன் கிளாஸைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டைக் குடித்தார். "தெரியல, வெயிலுமுத்து. சத்தியமா தெரியல."

கவரை மறுபடி கயிற்றில் செருகினான். நேரமாகிவிட்டது. சுவரிலிருந்து சைக்கிளை நிமிர்த்தினான். எதிரே மேம்பாலத்தின் ஏற்றம். இங்கிருந்து ஓடி ஏறிக் கிளப்புவது நடக்கிற காரியமா என்று பார்த்துக்கொண்டு நின்றபோது, பின்னால் மூட்டையில் கை விழுந்தது. நம்பிராஜன் ஆபீஸ் சட்டையின் கையை மடக்கிவிட்டு, பிளாஸ்திரி போட்ட முழங்கையை விலக்கிக்கொண்டு, தோளைக் கொடுத்து நின்றார்.

"ஏறுங்க. நான் தள்றேன்."

"சார், சட்டை அழுக்காவும்."

"ஏறுங்கன்னா."

ஏறினான். மூட்டையின் பின்னால் அவர் மூச்சு இரைப்பது கேட்டது. பத்தடி, இருபதடி, பாதி ஏற்றம் வரை தள்ளிக்கொண்டே ஓடி வந்தார். பத்தொன்பது வருஷத்தில் அந்த ரோட்டில் அவன் வண்டியைத் தள்ளிவிட்ட முதல் ஆள். கை விட்டதும் வண்டி தானாகப் போயிற்று. திரும்பிப் பார்த்தால் நிலை தடுமாறும் என்பதால் வெயிலுமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் வழிந்தது மழைத்தண்ணீர் இல்லை, அன்று மழை விட்டிருந்தது.

சீத்தா கேம்ப் போய்ச் சேர இருபது நிமிஷம் தாமதம். மெஹராஜ் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடே, பஞ்சரா?"

"இல்லக்கா. டீ குடிக்க நின்னேன்."

மெஹராஜ் நம்பவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, குனிந்து இரண்டு டயரையும் அமுக்கிப் பார்த்தாள்.